நாலாவது டயரின் எடை

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. குண்டூசி தன் அக்காள் புருஷனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் அவ்வளவு. போன வருஷம் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது. மாதம் பிறந்தால் போதும், சம்பளம் வருகிறதோ இல்லையோ, அத்தானின் போன் தவறாமல் வந்துவிடும். அப்படிப்பட்ட அத்தான், போன வியாழக்கிழமை கடன் சீட்டை அவன் கண்ணெதிரே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போகட்டும் மாப்ளே. உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

குண்டூசிக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்துக் கவரில் போட்டு வைத்திருந்த அதே பணம் இப்போது அவன் சட்டைப் பையில் கனத்தது. சாயங்காலம் ஒரு பழைய ஸ்கூட்டருக்கு முன்பணமாகக் கொடுப்பதாகப் பேச்சு. கடனும் போச்சு, வண்டியும் ஆச்சு என்று நான்கு நாளாகத் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வைரக்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு கிழிந்த டயரின் முன்னால் அவன் குந்தியிருந்தபோது, அந்தச் சந்தோஷத்தில்தான் முதல் ஆணி இறங்கியது.

ஒல்லியான உடம்பு, குத்துகிற வாய். அதனால் குண்டூசி. துப்பறிகிறவரிடம் உதவிக்குச் சேருமுன் எட்டு வருஷம் பஞ்சர் கடையில் டயரோடு மல்லுக்கட்டியவன். அவனை வேலைக்கு வைத்திருந்தவருக்குத் தராசு என்று பெயர். முன்னொரு காலத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் குமாஸ்தாவாக இருந்தவர். கடையில் வாங்கிய கால் கிலோ சர்க்கரையையும் வீட்டில் ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் டப்பாவில் கொட்டமாட்டார். இப்போதும் ஷெட்டின் உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசை மாட்டி, கழற்றி வைத்த டயர்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"முதல் டயர் பதிமூணு கிலோ இருநூறு. ரெண்டாவது பதிமூணு இருநூறு. மூணாவதும் அதே. எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன் அண்ணே. பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பொருத்தம் பாக்கமாட்டாங்க."

வைரக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். அவர் முகத்தில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதாங்க. ரன்-ஃப்ளாட் டயர்னா காத்தே இல்லாமலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். அதை நம்பித்தான் ரெட்டை விலை குடுத்து நாலு டயர் போட்டேன். குவாரி ரோட்டுல எவனோ ஆணிப் பலகை வச்சான், சரி. ஆணி குத்துன இடத்துலேர்ந்து ரெண்டே கிலோமீட்டர்ல வண்டி நின்னு போச்சு. அங்க ரெண்டு பேர் முகமூடியோட தயாரா நிக்கறான். கல்லு எல்லாம் போச்சு. ரன்-ஃப்ளாட் நிக்காதுன்னா அப்ப நிறுத்தினது யாரு? டிரைவர்தானே?"

"டயர் கிழிஞ்சிருக்கே?" என்றார் தராசு.

"வேணும்னே ரிம்முல ஓட்டிக் கிழிச்சிருப்பான். இருபது வருஷம் என் உப்பைத் தின்னவன்." அவர் குரல் உடைந்தது. "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ் வருது. அதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டலைன்னா, அவன் பேரை எழுதிக் குடுத்துடுவேன். அவனை மேல மாடி ரூம்ல வெளித்தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே வீட்டு முன் அறையில் நடந்த பேச்சு குண்டூசிக்கு நினைவுக்கு வந்தது. ஸ்டெப்னியா, ரன்-ஃப்ளாட்டா? டிரைவர் ஸ்டெப்னி கட்சி. மாற்று டயர் ஒன்று டிக்கியில் கிடந்தால் எந்தக் காட்டிலும் பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றார். வைரக்காரருக்கோ அந்தப் பத்து நிமிஷம்தான் பயம். கல்லை வைத்துக்கொண்டு குவாரி ரோட்டில் ஜாக்கி போட்டு நிற்பதாவது! அப்போது வேறு வேலையாக வந்திருந்த குண்டூசிதான் வாய் சும்மா இருக்காமல் நடுவில் புகுந்தான். "ரன்-ஃப்ளாட் போடுங்க ஐயா. பக்கச் சுவர் பலகை மாதிரி இருக்கும், காத்து போனாலும் வண்டியைத் தாங்கும். எங்க அத்தான் கடையில போடுங்க. என் வாய்க்கு நான் ஜவாப்தாரி."

அந்த வாய்தான் இப்போது உலர்ந்து போயிருந்தது.

காலையிலிருந்து மூன்று டயர்களை ரிம்மிலிருந்து பிரிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவ்வளவு தடிமன், அவ்வளவு விறைப்பு. நாலாவது, கிழிந்துபோன இடது பின் டயர். வெளிப்பக்கச் சுவர் நார்நாராகப் போய்விட்டது. உள்பக்கச் சுவர் மட்டும் முழுசாக இருந்தது. அதை விரலால் நெருடினான். செருப்பு அடிப்பாகம் அளவுக்குக்கூடத் தடிமன் இல்லை. விரலை மடக்கினால் சுவரும் மடங்கியது.

எட்டு வருஷம் டயரைத் தொட்ட கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது ரன்-ஃப்ளாட் இல்லை. சாதா டயர். நாலுக்குப் பணம் வாங்கிய அத்தான் மாட்டியது.

"என்னடா, எப்படி இருக்கு?" தராசு முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றான் குண்டூசி.

தராசு குனிந்தார். கிழிந்த டயரையும், போலீஸ்காரர்கள் ரோட்டில் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருந்த துண்டுகளையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினார்.

"ஒன்பது கிலோ. நாலு கிலோ சொச்சம் ரப்பர் எங்கடா போச்சு?"

"பயத்துல இளைச்சிருக்கும்."

வழக்கமாக இப்படிச் சொன்னால் தராசின் மீசை ஒரு பக்கம் ஏறும். இன்று ஏறவில்லை.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பூட்டிய ஜன்னல். டிரைவர் கட்டிலின் ஓரத்தில், ஏதோ வேற்று ஆள் வீட்டில் உட்கார்ந்தவர்போலப் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் சலவை மடிப்புக் கலையாத சட்டை. இன்று காலர் அழுக்கு. குண்டூசி கீழே ஓடி மூன்று டீ வாங்கி வந்தான். கையில் சில்லறை இல்லாததால் கவரிலிருந்து ஐம்பதை எடுக்க வேண்டியதாயிற்று.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அப்படியே சொல்லுங்க" என்றார் தராசு.

"துறைமுகத்துக்குப் போற வழியில, குவாரி வளைவு தாண்டினதும், காத்து குறையுதுன்னு காட்டுற டயர் விளக்கு எரிஞ்சுது சார். பழைய நாளா இருந்தா உடனே நிறுத்தியிருப்பேன். விளக்கு எரிஞ்ச இடத்துல நாலு தார் போடற ஆளுங்க வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. ஆளோட ஆளா நின்னு ஸ்டெப்னி மாத்திட்டுப் போயிருப்பேன். ஆனா டயர் போட்டவரு திட்டமா சொல்லியிருந்தாரு. 'விளக்கு எரிஞ்சா நிறுத்தாதீங்க, மெதுவா ஓட்டிக்கிட்டே போங்க'ன்னு. போனேன். ரெண்டு கிலோமீட்டர். டமால்னு ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. நின்ன இடத்துல மனுஷ வாடையே இல்ல. அந்த ரெண்டு பேரைத் தவிர."

"அந்தப் பின் டயர்ல முன்னாடி ஏதாவது வித்தியாசம் பாத்தீங்களா?"

"பாத்தேனே! மத்த மூணும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். அது மட்டும் சோம்பேறி மாதிரி கொஞ்சம் உக்காந்திருக்கும். காத்து அளந்தா சரியா காட்டும். மாட்டுற அன்னைக்கே பாத்தேன் சார், மூணு டயரை ஏத்த அவரு வேர்த்து விறுவிறுத்துப் போனாரு. நாலாவது சட்டை மாட்டுற மாதிரி சுளுவா ஏறிடுச்சு. பழகிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

குண்டூசி டீயை ஊதிக்கொண்டேயிருந்தான். அது ஆறி ரொம்ப நேரமாகியிருந்தது.

"கல்லு போற நாள் உங்களுக்கும் முதலாளிக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. முதலாளி முந்தின நாள் மத்தியானம்தான் எனக்கே சொல்வாரு." டிரைவர் யோசித்தார். "ஆனா தூரப் பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் டயர் கடைக்குப் போய்க் காத்துப் பாத்துக்குவேன். ரன்-ஃப்ளாட்டுக்குக் கட்டாயம் பாக்கணும்னு அவரேதான் வரச் சொன்னாரு. காசுகூட வாங்கமாட்டாரு."

"காசு வாங்கமாட்டாரா?" தராசு குண்டூசியைப் பார்த்தார். "உங்க அத்தானா?"

"வயசாகுதுல்ல அண்ணே. புண்ணியம் சேக்குறாரு போல."

"சரி. பழைய ஸ்டெப்னி என்ன ஆச்சு?"

டிரைவரின் முகம் மாறியது. "கடையிலயே விட்டுட்டு வந்தோம் சார். டிக்கியில இரும்புப் பெட்டி வைக்க இடம் வேணும்னு முதலாளி சொல்லிட்டாரு. ஒரு தடவைகூட ரோட்டுல ஓடாத டயர். பிள்ளையை விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. நான் அடையாளம்கூட வச்சிருந்தேன்."

"என்ன அடையாளம்?"

"எந்த டிரைவரும் வைப்பான் சார். ஒர்க்‌ஷாப்புல வண்டியை விட்டா முதல்ல மாறுறது ஸ்டெப்னிதான். புதுசை எடுத்துக்கிட்டுத் தேஞ்சதை வச்சிடுவானுங்க. அதனால உள்பக்கச் சுவர்ல, ரிம் ஓரமா, பச்சைப் பெயின்ட்ல ஒரு புள்ளி வச்சேன். வீட்டு கேட்டுக்கு அடிச்ச மிச்சம். மொச்சைக் கொட்டை அளவு இருக்கும்."

தராசு தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு இந்தப் படிக்கட்டு ஒத்துக்கல. நீ போய்ப் பாத்துட்டு வா. கிழிஞ்ச டயர்ல பச்சைப் புள்ளி இருக்கா, இல்லையா. அவ்வளவுதான்."

குண்டூசி எழுந்தான். கதவருகே போனபோது டிரைவர் மெல்லச் சொன்னார்.

"தம்பி, நீ சொல்லித்தான் முதலாளி அந்த டயரைப் போட்டாரு. அதுக்காக உன் மேல எனக்கு வருத்தம் இல்லப்பா. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஷெட்டில் ஆள் இல்லை. உத்தரத்தில் கொக்கித் தராசு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குண்டூசி கிழிந்த டயரைப் புரட்டினான். ரிம் ஓரத்தில் மிச்சமிருந்த அழுக்கை எச்சில் தொட்டுத் துடைத்தான். மொச்சைக் கொட்டை அளவு. பச்சை.

ஆக, அத்தான் சாதா டயர்கூட வெளியில் வாங்கவில்லை. வண்டியின் சொந்த ஸ்டெப்னியையே எடுத்து, அதையே நாலாவது ரன்-ஃப்ளாட் என்று மாட்டி, ரெட்டை விலை வாங்கியிருக்கிறார். ஆட்டை அதன் சொந்தக்காரனுக்கே விற்ற கதை.

அவன் கால்சட்டைப் பையில் டயர் அறுக்கும் பிளேடு இருந்தது. பழைய பழக்கம், இன்னும் விடவில்லை. இரண்டு இழுப்பு. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு. ஏற்கெனவே நாராகக் கிழிந்த டயரில் இன்னொரு கிழிசலை யார் கண்டார்கள்? புள்ளி இல்லை அண்ணே என்றால் முடிந்தது. அக்காள் வீட்டில் இன்று மாலையும் விளக்கு எரியும். அக்காளின் பிள்ளைகள் இரண்டும் நாளைக்குத் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

மேலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் அஞ்சு மணியோடு எல்லாம் அணையும்.

பிளேடைத் திறந்தான். திறந்த கையோடு அவன் யோசித்தது அக்காளையும் இல்லை, டிரைவரையும் இல்லை. கிழித்துப் போட்ட அந்தக் கடன் சீட்டை. கொள்ளை நடந்தது செவ்வாய். சீட்டைக் கிழித்தது வியாழன். நடுவில் ஒரே நாள். பாசம் என்று நினைத்துக் கண் கலங்கினானே, அது பாசமில்லை. கூலி. 'என் வாய்க்கு நான் ஜவாப்தாரி' என்று சொன்ன வாய்க்குக் கூலி. இனிமேல் திறக்காமல் இருப்பதற்கு முன்பணம். பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பதுக்குத் தன்னை விலைக்கு வாங்கி, அதைத் தன்னிடமே சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அதுவரை மனசுக்குள்கூட 'அவர்' என்றே இருந்த அத்தான், அந்த நிமிஷத்தில் 'அவன்' ஆகிப்போனான்.

பிளேடை மடக்கினான். படியேறினான்.

"இருக்கு அண்ணே. பச்சைப் புள்ளி இருக்கு. அது ஸ்டெப்னிதான்." மூச்சு வாங்கியது. "காலையில நெருடிப் பாக்குறப்பவே அது சாதா டயர்னு எனக்குத் தெரியும். பொய் சொன்னேன்."

தராசு தன் போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு படம். கிழிந்த டயர், ரிம் ஓரம், பச்சைப் புள்ளி. ஒன்பதரை மணிக்கு எடுத்தது.

"இது என்ன புள்ளின்னு காலையில புரியல. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்."

"அப்ப என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

"எடை போட."

குண்டூசிக்குக் காது இரண்டும் சுட்டது.

"போன வெள்ளிக்கிழமை ஆபீசுல வந்து, அத்தான் கடனை விட்டுட்டாருன்னு ஊருக்கே மிட்டாய் குடுத்தே" என்றார் தராசு. "கஞ்சன் ஒரு தடவை தாராளமா இருந்தா மனசு மாறிட்டான்னு சொல்லலாம். உனக்குக் கடன் தள்ளுபடி, இவருக்குச் சும்மா காத்துன்னு ரெண்டு தடவை இருந்தா, வேற எங்கேர்ந்தோ வரவு இருக்குன்னு அர்த்தம். நீயும் அதுல பங்கான்னு தெரியணுமில்ல?"

"நாலு வருஷமா உங்களோட திரியறேன்."

"டிரைவர் இருபது வருஷம்" என்றார் தராசு.

காரில் போகும்போது குண்டூசி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. தராசுக்கே பொறுக்காமல், "வாயில பஞ்சராடா?" என்று கேட்டுப் பார்த்தார். குண்டூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்தானின் கடை வாசலில், 'காற்று – டயர் ஒன்றுக்கு ஐந்து. கடன் கிடையாது' என்று பலகை தொங்கியது. உள்ளே ரப்பர் வாசனை, சோப்புத் தண்ணீர், சுவர் முழுக்கப் புது டயர்கள். பின்னால் வீடு. அத்தான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வா மாப்ளே! வாங்க சார், உக்காருங்க. என்ன, ஸ்கூட்டருக்கு டயர் பாக்க வந்தியா?"

"வைரக்காரர் வண்டிக்கு நாலாவது டயரா என்ன மாட்டினீங்க?" குண்டூசி உட்காரவில்லை.

"ரன்-ஃப்ளாட். பில்லு இருக்கே."

"பில்லுல ரன்-ஃப்ளாட். ரிம்முல ஸ்டெப்னி. உள்பக்கம் டிரைவர் வச்ச பச்சைப் புள்ளி இருக்கு. பாத்துட்டுத்தான் வர்றேன்."

அத்தான் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு பெருமூச்சு விட்டு, ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"சரி. ஒத்துக்கறேன். சரக்கு மூணுதான் வந்துச்சு. நாலாவது வரல. அவரு அவசரப்படுத்தினாரு. ஸ்டெப்னி புத்தம் புதுசா கிடந்துச்சு, மாட்டிட்டேன். பேராசைதான். அந்த ஒரு டயர் காசைத் திருப்பிக் குடுத்துடறேன். ஆனா கொள்ளைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் சார்? எவனோ ஆணி வச்சதுக்கு நானா பொறுப்பு?"

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. குண்டூசியின் மனசு அதைப் பற்றிக்கொள்ளத் தாவியது. வெறும் திருட்டுப் புத்திதான், பெரிய பாவம் இல்லை; காசைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. தன்னை அறியாமல் தராசைப் பார்த்தான்.

தராசு நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுதாங்க புரியல. வழிமறிக்கிறவன் ஆணி வச்ச இடத்துலதானே காத்துக்கிட்டு நிப்பான்? இவனுங்க ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நின்னானுங்க. ஏன்? சாதா டயர்னா டிரைவர் ஆணி குத்துன இடத்துலயே நிறுத்திடுவார், அங்க ரோட்டு வேலை ஆளுங்க இருக்காங்க. ரன்-ஃப்ளாட்னா நிக்கவே மாட்டார், துறைமுகம் வரைக்கும் போயிடுவார். ரெண்டு கிலோமீட்டர்ல நிக்கணும்னா டயர் சாதாவா இருக்கணும், டிரைவர் அதை ரன்-ஃப்ளாட்னு நம்பணும். ரெண்டும் சேந்து தெரிஞ்ச ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான். 'விளக்கு எரிஞ்சா நிறுத்தாதீங்க'ன்னு சொன்னவர்."

அத்தானின் கைத்துணி கீழே விழுந்தது.

"அதெல்லாம் உங்க கற்பனை சார். மூணுதான் வந்துச்சுன்னு சொல்றேன்ல?"

"அப்ப அது?"

தராசின் விரல் கூரையைக் காட்டியது. எல்லா டயர்களுக்கும் மேலே, எட்டாத உயரத்தில் ஒரு கொக்கியில், பிளாஸ்டிக் நாடா சுற்றின புது டயர் ஒன்று தொங்கியது.

"அது வேற சைஸ்."

குண்டூசி ஏணியை இழுத்துப் போட்டு ஏறினான். நாடாவுக்கு அடியில் தெரிந்த எழுத்தைப் படித்தான். அதே அளவு. அதே ரன்-ஃப்ளாட் முத்திரை. வைரக்காரர் காசு கொடுத்து வாங்கிய நாலாவது டயர், இரண்டு மாதமாக இங்கே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு எவனாவது இருந்தால் இதை ஆற்றில் வீசியிருப்பான். அத்தானுக்கு மனசு வராது. தேய்ந்த ஆணியையே நிமிர்த்தி வைக்கிற கை அது.

டயரை இறக்கினான். தராசு பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து வாசல் கம்பியில் மாட்டினார்.

"இதெல்லாம் எதுக்கு சார்?" அத்தான் எழுந்துவிட்டான். "அதான் ஒத்துக்கிட்டேன்ல. டயரை எடுத்துக்கிட்டுப் போங்க... வேணாம், நானே நாளைக்குக் கொண்டாந்து தரேன்."

"இதோட அண்ணன் தம்பி மூணு பேரைக் காலையில பாத்தேன். ஆளுக்குப் பதிமூணு இருநூறு." தராசு முள்ளைக் குனிந்து படித்தார். "இது பதிமூணு எழுநூறு. அரைக் கிலோ கூட இருக்கே. சும்மா தொங்குனதுல சதை போட்டுடுச்சா?"

குண்டூசி பிளேடைத் திறந்தான். இந்தத் தடவை மடக்கவில்லை. நாடாவை ஒரே இழுப்பாக இழுத்தான். டயரின் உட்குழியில், டியூபுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையால் இறுக்கி ஒட்டிய ஒரு தோல் பை இருந்தது. முடிச்சை அவிழ்த்தபோது, எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கடை முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம் தெறித்தது.

ரோட்டில் ஒரு பஸ் கடந்து போயிற்று.

"குவாரி லாரிக்காரனுங்க ரெண்டு பேர்" என்றான் அத்தான், தரையைப் பார்த்து. "டயர் கடன் நிறைய. குடுக்க வழியில்லன்னானுங்க. நான்தான் வழி சொன்னேன். சூடு ஆறுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்னு..." சட்டென்று குண்டூசியின் கையைப் பிடித்தான். "மாப்ளே, நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் தங்கமான வாயால சொல்லு. கல்லு கிடைச்சிடுச்சுல்ல, ரோட்டோரம் கிடந்துச்சுன்னு சொல்லிக் குடுத்துடலாம். நம்ம குடும்பம்டா. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யாருடா வந்தா?"

"நீங்கதான் வந்தீங்க" என்றான் குண்டூசி. "அதனாலதான் என்னால தாங்க முடியல அத்தான். வேற எவனாவது என் பேரைச் சொல்லித் திருடியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். உங்களை நான் ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். என் வாய்க்கு நான் ஜவாப்தாரின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். நீங்க அந்த வாயையே ஆணிப் பலகை ஆக்கிட்டீங்க."

கையை விடுவித்துக்கொண்டான்.

தராசு வாசலுக்குப் போய்ப் போன் பேசினார். முதலில் போலீசுக்கு. பிறகு வைரக்காரருக்கு. மணி நாலு இருபது. எதிர்ப்பக்கத்துக் குரல் கடைக்குள் வரைக்கும் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் குரல் கேட்டது: "அப்ப இனிமே நான் எதைத்தாங்க போடறது? ரன்-ஃப்ளாட்டா, ஸ்டெப்னியா?"

"அதை மாடியில இருக்கறவரைக் கேளுங்க" என்றார் தராசு. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அவர் சொன்னாரு. முதல்ல அந்த ரூம் கதவைத் திறந்துட்டு அப்புறம் கேளுங்க."

பின்கட்டுக் கதவில் அக்காள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. கடைக் கணக்கு எழுதுவது அவள்தான். கையில் நோட்டும் காதில் பேனாவும் அப்படியே இருந்தன. மேஜைமேல் கிடந்த தோல் பையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

குண்டூசி சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து மேஜையில் வைத்தான்.

"என்னடா இது?"

"கடன் அக்கா. ஆஸ்பத்திரிக்கு வாங்குனது. அத்தான் போன வியாழக்கிழமை சீட்டைக் கிழிச்சுட்டாரு."

"கிழிச்சாரா? எங்கிட்ட சொல்லலையே. நோட்டுல அடிக்கவே இல்லையே." அவள் பக்கத்தைப் புரட்டினாள். அவன் பெயருக்கு எதிரே தொகை அப்படியே நின்றது. அவளுடைய குண்டு குண்டு எழுத்தில். "எதுக்குக் கிழிச்சாரு?"

குண்டூசி தோல் பையைப் பார்த்தான்.  அவள் கண் மறுபடி தோல் பைக்குப் போய், கவருக்கு வந்து, தம்பியின் முகத்தில் நின்றது.

"நான் சாட்சி சொல்லணும் அக்கா. அவர் காசு என் மேல இருக்கும்போது சொல்ல முடியாது. எண்ணிக்கோ."

ரோட்டு முனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. அக்காள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள்.  கடைசித் தாளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்பது குறையுது."

குண்டூசிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "டிரைவருக்கு டீ வாங்குனேன்."

தராசின் கை தன் சட்டைப் பைக்குப் போனது. அக்காள் பார்வையாலேயே அதை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய், தன் கைப்பையிலிருந்து ஓர் ஐம்பதை எடுத்து வந்து, ரூபாய்க் கட்டின்மேல் வைத்து, நான்கு ஓரமும் தட்டிச் சீராக்கினாள். காதிலிருந்த பேனாவை எடுத்துத் தம்பியின் பெயர்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமான கோடு. பக்கத்தில் எழுதினாள்: 'தீர்ந்தது.'

வாசலில் பூட்ஸ் காலடி கேட்டது.

"போடா" என்றாள், நோட்டை மூடாமலே. "போய்ச் சொல்லு."